தண்ணீரைக் கட்டும் தைவான் கொடி

தைவானில் பத்து வாரம் இருந்துவிட்டு வந்தேன் என்றதும் எங்கள் தெருப் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "அங்கேருந்து என்ன வாங்கிட்டு வந்தே?" இரண்டாவது கேள்வி, "பாம்பெல்லாம் தின்பாங்களாமே, நிஜமா?" வாங்கி வந்தது ஒரு குடையும் இரண்டு பொட்டலம் தேயிலையும். பாம்பு விஷயம் எனக்குத் தெரியாது. நான் இருந்த தெருவில் சோறும் கீரையும் மீனும்தான் தின்றார்கள். நான் சொல்ல ஆசைப்பட்டதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது ஒரு கொடியைப் பற்றி. மலையில் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் ஒரு கொடி. அதன் விதையைத் துணியில் கட்டிப் பச்சைத் தண்ணீரில் கசக்கினால், அடுப்பில்லை, நெருப்பில்லை, தண்ணீர் அப்படியே உறைந்து கட்டியாகிவிடுகிறது! கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு நம்ப ஒரு நாள் ஆயிற்று.

என்னைப் பற்றி இரண்டு வரி. லால்குடிப் பக்கம் பிறந்தவள். பள்ளிப் படிப்போடு நின்று, கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். என் கடைசித் தம்பி மட்டும் படிப்பிலே பெரிய ஆள். தைவானில் ஜியாயி என்கிற ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். சென்ற ஆண்டு அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். அவள் அம்மாவுக்கோ முழங்கால் ஆபரேஷன் ஆகி, நடையே இல்லை. "அக்கா, நீ வந்தாத்தான் ஆச்சு" என்றான் தம்பி. என் வீட்டுக்காரர், "போயிட்டு வா, நானும் பசங்களும் சமாளிச்சுக்கறோம்" என்றார். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது தனிக் கட்டுரை!

தைவான் ஒரு தீவு. பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நடுவிலே முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர். அதில் யூஷான் சிகரம் 3,952 மீட்டர். பள்ளிக்கூடத்தில் பூகோள வகுப்பில் கடகரேகை என்று ஒரு கோடு போட்டோமே, அது இந்த ஜியாயி ஊரை ஒட்டித்தான் போகிறது. அந்த இடத்தில் 1908-லேயே ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். இடிந்தும் கட்டியும் இப்போது இருப்பது புதிது. கோட்டுக்குத் தெற்கே வெப்பப் பிரதேசம், வடக்கே கொஞ்சம் மிதம். கீழே நெல், கரும்பு, வாழை எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். நிமிர்ந்து பார்த்தால் மலை. அந்த மலையில்தான் நம்ம கொடி.

தம்பி குடியிருந்தது நான்கு மாடிக் கட்டடம். பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், தனியாக இருந்தார். தம்பி மனைவி அவரை "ஆமா" என்று கூப்பிடுவாள். முதல் இரண்டு நாள் எனக்கு ஒரே குழப்பம். "வந்தது யாரு?" என்றால் "ஆமா" என்கிறாள். "கதவைத் தட்டினது யாரும்மா?" என்றால் அதற்கும் "ஆமா"! பிறகுதான் தெரிந்தது, அந்த ஊர்ப் பேச்சில் ஆமா என்றால் பாட்டியாம். நானும் ஆமா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. தம்பி வீட்டில் இருந்தால் அவன் மொழிபெயர்ப்பான். இல்லாவிட்டால் கைதான் பேசும். சமையற்கட்டில் நிற்கிற இரண்டு பெண்களுக்கு அதுவே போதும்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கும் ஆமாவுக்கும் ஒரு ரகசியப் போட்டி. நான் பூண்டு, சுக்கு, மிளகு, பிரசவ லேகியம் எல்லாம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர்களுக்கும் பத்தியம் உண்டு. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வீட்டோடு இருக்க வேண்டும். "மாதம் உட்காருதல்" என்று அதற்குப் பெயர். குளிர்ந்த தண்ணீர் தொடக் கூடாது, குளிர்ச்சிப் பண்டம் கூடாது, பழைய வழக்கப்படி தலைக்குக்கூடத் தண்ணீர் விடக் கூடாது. நான் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றினதை ஆமா பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அவர் நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கிக் கோழி சமைத்து எடுத்து வந்தார். அரிசி மது ஊற்றிச் செய்தது என்று தெரிந்ததும் நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். மறுநாள் மது இல்லாமல் செய்து கொண்டுவந்து வைத்தார். அந்த நல்லெண்ணெயும் இஞ்சியும் இருக்கிறதே, அப்படியே நம் வீட்டுப் பத்தியச் சமையல் வாசனை!

ஆனால் எங்கள் இருவருக்கும் கவலை ஒன்றாகத்தான் இருந்தது. தம்பி மனைவி பேசுவதே இல்லை. பிரசவம் சுகப் பிரசவம். பெண் குழந்தை, தங்க விக்கிரகம் மாதிரி. பால் கொடுக்கிறாள், மடியில் வைத்துக்கொள்கிறாள். ஆனால் முகத்தில் ஒரு களை இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "ஒண்ணுமில்ல அண்ணி" என்பாள். ராத்திரியில் சத்தமில்லாமல் அழுவது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அடுத்த முறை காட்டப் போனபோது நானே தம்பியிடம் சொல்லி டாக்டரைக் கேட்கச் சொன்னேன். அவர்கள் அவளைத் தனியாக உட்கார வைத்து நிறையக் கேள்வி கேட்டு, நன்றாகத் தூங்க விடுங்கள், இரண்டு வாரத்தில் மறுபடி கட்டாயம் வாருங்கள் என்றார்கள். அன்றிலிருந்து ராத்திரிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தம்பியும் நானும் முறை வைத்து. சகோதரிகளே, பிள்ளை பெற்ற பெண் இப்படி இருந்தால் "திமிர்" என்றோ "செல்லம்" என்றோ தள்ளிவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் ஆமா ஒரு கிண்ணத்தை முந்தானையில் மறைக்கிற மாதிரி தன் சட்டையோடு அணைத்துக்கொண்டு வந்து, சமையற்கட்டில் என் கையில் கொடுத்தார். தம்பி மனைவி இருந்த அறையைக் காட்டி, வாயில் விரலை வைத்தார். உனக்கு மட்டும், அவளுக்குக் கூடாது, குளிர்ச்சி என்று அர்த்தம். கிண்ணத்தில் தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி, நடுங்கிக்கொண்டு துண்டு துண்டாய் என்னவோ. மேலே எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும். வாயில் போட்டால் தானாகவே தொண்டையில் இறங்குகிறது. தனக்கென்று பெரிய ருசி இல்லை. லேசாக ஒரு பச்சை வாசனை. நுங்கு, இளநீர் வழுக்கை, ஜிகர்தண்டாவில் போடும் கடல்பாசி, இந்த மூன்றையும் நினைத்துக்கொண்டேன். கடல்பாசி காய்ச்சியிருக்கிறார் என்றுதான் முடிவு கட்டினேன்.

சாயங்காலம் தம்பி வந்து சொன்னான்: "இது பாசி இல்லைக்கா. ஐயு. ஒரு கொடியோட விதை. காய்ச்சவே கூடாது, கையால கசக்கணும்."

எனக்கு உடனே எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. வயல் வேலியில் கட்டுக்கொடி என்று ஒன்று படர்ந்திருக்குமே, தெரியுமா? அதன் இலையைப் பறித்து, சொம்புத் தண்ணீரில் நன்றாகக் கசக்கிப் பிழிந்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சையாய் இறுகிக் கட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கட்டுவதால்தானே அது கட்டுக்கொடி! உடம்புச் சூட்டுக்கு என்று பாட்டி கோடையில் செய்து தருவார். எங்களுக்கோ அது விளையாட்டு; யார் சொம்பு முதலில் கட்டும் என்று பந்தயம். அந்த ஊரில் இலைக்குப் பதில் விதை. நான் கசக்கிப் பிழிவது போலக் காட்டியதும் ஆமாவுக்கு ஒரே ஆச்சரியம். உங்கள் ஊரிலும் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஐயு என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. லியன் ஹெங் என்பவர் எழுதி 1920, 21-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தைவான் வரலாற்று நூலில் இருக்கிறதாம். 1820-களில் தைனான் நகரத்து வியாபாரி ஒருவர், சரக்கு வாங்க ஜியாயி மலைப் பக்கம் அடிக்கடி போவார். ஒரு நாள் தாபு என்ற ஊர்ப் பக்கம் வெயில் தாங்காமல் ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தால், தண்ணீர் கட்டிக் கட்டியாய் இருக்கிறது! அள்ளிக் குடித்தால் வயிறு குளிர்ந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தார். மரத்துக் கொடியிலிருந்து விழுந்த காய்களின் விதைதான் தண்ணீரில் ஊறியிருக்கிறது. வீட்டுக்கு எடுத்து வந்து கசக்கிப் பார்த்தார், சர்க்கரை சேர்த்தார், 15 வயது மகள் அதைத் தெருவில் வைத்து விற்றாள். அவள் பெயர் ஐயு. ஜனங்கள் பண்டத்துக்கும் அவள் பெயரையே வைத்துவிட்டார்கள். கண்டுபிடித்தது அப்பா, பெயர் நின்றது மகளுடையது. இப்படி எத்தனை இடத்தில் நடக்கிறது சொல்லுங்கள்!

கொடியையே பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆமாவின் பிறந்த ஊர் மலைமேல் ஃபென்சீஹு என்ற இடத்துப் பக்கம். அவருடைய தம்பி இன்னும் அங்கே ஐயு பயிர் செய்கிறார். காய் பறிக்கிற காலமும் ஆரம்பித்திருந்தது. "குழந்தையையும் அவளையும் நான் பார்த்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று ஆமாவே எங்களை அனுப்பி வைத்தார்.

ஜியாயியிலிருந்து அலிஷான் மலைக்கு ஒரு குட்டி ரயில் போகிறது. ஜப்பானியர்கள் தைவானை ஆண்ட காலத்தில் மலைமரம் வெட்டி இறக்குவதற்காகப் போட்ட பாதை. 1912-ல் ஓட ஆரம்பித்தது. தண்டவாள அகலம் இரண்டரை அடிதான். நம் ஊட்டி ரயிலைவிடக் குறுகல். ஊட்டிக்குப் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறுகிறதல்லவா? இதில் அது கிடையாது. தூலிஷான் என்ற மலையை நத்தை ஓடு மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி ஏறுகிறது. முதலில் பார்த்த அதே ஊர் கீழே மறுபடி தெரிகிறது, மறுபடியும் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டே. 2009 ஆகஸ்டில் மோரகோட் என்ற புயல் அடித்து, மலை சரிந்து இந்தப் பாதை பல இடங்களில் அடித்துப் போய்விட்டது. சரிசெய்து முழுப் பாதையும் திறக்க 2024 ஜூலை ஆகிவிட்டது. பதினைந்து வருஷம்!

ஜியாயி ஸ்டேஷன் 30 மீட்டர் உயரத்தில். ஃபென்சீஹு 1,403 மீட்டர். இரண்டரை மணி நேரத்தில் வாழையும் பாக்கும் போய், மூங்கில் வந்து, பிறகு ஊசியிலை மரங்கள். இறங்கியதும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஸ்டேஷனில் டிபன் பெட்டிச் சாப்பாடு பிரசித்தம். கடைவீதியும் படிக்கட்டாகவே ஏறுகிறது. நாலு கடைக்கு ஒரு கடையில் ஐயு. பக்கத்துத் தோப்பில் ஒரு மூங்கில், தடவிப் பார்த்தால் உருண்டையாய் இல்லை, சதுரம்! அதைப் பற்றியும் எழுதலாம், இப்போது வேண்டாம்.

ஆமாவின் தம்பி ஒரு சரிவில் கூட்டிக்கொண்டு போனார். வரிசையாய்க் கல்தூண்கள். நம் வெற்றிலைக் கொடிக்கால் ஞாபகம் வந்தது எனக்கு. அகத்திக்குப் பதில் தூண், அவ்வளவுதான். சில கொடிகள் பாறைமேலும், சில நிஜ மரத்திலும் ஏறியிருந்தன. கொடி என்றால் நூல் மாதிரி என்று நினைக்காதீர்கள். அடி என் மணிக்கட்டுப் பருமன். கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. இளசாய் ஏறுகிற பருவத்தில் இலை சின்னது, மெல்லியது. முதிர்ந்து காய்க்கிற கிளையில் இலை பெரிது, தோல் மாதிரித் தடிப்பு. ஒரே கொடியில் இரண்டு விதமும் பார்க்கலாம். காய், குட்டி மாங்காய் போல நீளம், பச்சையில் வெள்ளைப் புள்ளி. கிள்ளினால் பால் வடிகிறது.

பால் வடிந்ததும் நான், "இது அத்தி ஜாதியா?" என்றேன். தம்பி, "எப்படிக்கா கண்டுபிடிச்சே!" என்று மலைத்துப்போனான். ஆலும் அரசும் அத்தியும் ஒரே குடும்பம். இந்தக் கொடியும் அதே குடும்பம்தான். ஃபைகஸ் புமிலா என்ற சுவர்க்கொடி இருக்கிறதே, பெரிய பங்களா மதில்களில் பச்சைக் கம்பளம் மாதிரி ஒட்டிப் படர விடுவார்களே, அதனுடைய தைவான் வகை. மகினோ என்ற ஜப்பானியத் தாவர அறிஞர் 1904-ல் இதற்குப் புத்தகப் பெயர் வைத்தார். உள்ளூர் ஜனங்கள் அவர்கள் பேச்சில் கூப்பிட்ட பெயரையே லத்தீனில் சேர்த்துவிட்டார்.

அத்தி என்று தெரிந்தவுடன் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. நாம் அபூர்வமாய் வருகிறவர்களை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை. பூவெல்லாம் காய்க்கு உள்ளே இருக்கிறது, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்றும் சொல்கிறோம். அந்தச் சொத்தைக்குக் காரணம்தான் இங்கே முக்கியம்: ஒரு குளவி. எள்ளில் பாதிகூட இருக்காது.

ஐயுவில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் காய்க்குள்தான் குளவி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆண் குளவிக்கு இறக்கையே கிடையாது. அந்தக் காய்க்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடும். பெண் குளவி மட்டும் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியே பறந்து, இன்னொரு காயைத் தேடி, அதன் நுனியில் இருக்கும் ஊசித்துளை வழியே நுழையும். நெருக்கி நுழையும்போது இறக்கை பிய்ந்துபோகும். போன இடம் ஆண் காயாக இருந்தால் முட்டையிடலாம். பெண் காயாக இருந்தால் உள்ளே இருக்கும் பூவின் தண்டு நீளம். முட்டை வைக்க இடம் எட்டாது. அங்குமிங்கும் அலைந்து, மகரந்தத்தை எல்லாப் பூவிலும் தடவிவிட்டு, அது அங்கேயே செத்துப்போகிறது. அதன் வம்சம் அதோடு சரி. நமக்கு விதை கிடைக்கிறது. அந்த விதையில்தான் ஜெல்லி.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குளவி நுழையாத காயில் விதை முதிராது. அது வெறும் சக்கை. அதனால் பயிர் செய்கிறவர்கள் தோட்டத்தில் கொஞ்சம் ஆண் கொடியும் வைத்திருக்கிறார்கள். குளவி வெளிவருகிற சமயம் பார்த்து ஆண் காய்களைப் பறித்துப் பெண் கொடிகளின் நடுவே தொங்கவிடுவதும் உண்டாம். பூச்சி மருந்தைக் கண்டபடி அடித்தால் கதை முடிந்தது. "கொடியை வளர்க்கிறது கஷ்டமில்லை, குளவியை வைச்சுக் காப்பாத்தறதுதான் கஷ்டம்" என்றார் அந்தப் பெரியவர்.

சைவக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நாம் சாப்பிடும் நாட்டு அத்திப்பழத்திலும் இதே கூத்துதான். ஐயுவில் நாம் காயைத் தின்பதும் இல்லை. விதையை உலர்த்திச் சலித்துத் துணியில் கட்டித்தான் கசக்குகிறோம்.

முன்னே இந்தத் தூண் எல்லாம் கிடையாது. காட்டு மரத்தில், உச்சியில் வெயில் படுகிற இடத்தில் காய்க்கும் கொடியைத் தேடி, கயிறு போட்டு ஏறித்தான் பறிப்பார்களாம். ஆமாவின் அப்பா அப்படி ஏறினவர். ஒரு மழை நாளில் பாசி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மரமே ஏறவில்லை. வீட்டில் மூத்த பெண்ணான ஆமா, பத்துப் பன்னிரண்டு வயதில் மற்றவர்கள் பறித்த காயைத் தோல் சீவிக் கொடுக்கும் கூலி வேலைக்குப் போயிருக்கிறார். இதைப் பெரியவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். ஆமா வாய் திறந்ததில்லை.

அந்தச் சீவுகிற வேலையை அன்று நானும் கொஞ்சம் செய்தேன். காம்புப் பக்கம் வெட்டி, பச்சைத் தோலைக் கத்தியால் செதுக்கி, காயை நெடுக்காகப் பிளந்து, உள்பக்கம் வெளியே வரும்படி பிரட்டி வெயிலில் காயப்போட வேண்டும். பால் விரலில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. காய்ந்ததும் பார்த்தால், பழுப்பாய், சடைசடையாய் ஏதோ பூ மாதிரி இருக்கிறது. அந்தச் சடையைக் கரண்டியால் சுரண்டினால் விதை உதிரும். ஒரு கூடைக் காய்க்குக் கையளவு விதை. பெரியவரின் மகன்கள் இருவரும் நகரத்தில் வேலை. "எனக்கப்புறம் யாரு சீவப்போறா" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இத்தனை பாடு இருப்பதால்தான் சில கடைகளில் ஐயு என்ற பெயரில் கடல்பாசிப் பொடியைக் காய்ச்சி மஞ்சள் நிறம் சேர்த்து ஊற்றிவிடுகிறார்கள். கண்டுபிடிக்க வழி சுலபம். நிஜ ஐயு கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். நாளாக ஆகச் சுருங்கி, கிண்ணம் முழுக்கத் தண்ணீராகும். பாசி ஜெல்லி மறுநாளும் வெட்டின கத்தி அடையாளத்தோடு விறைப்பாய் நிற்கும். அழகாய் நிற்கிறதே என்று நாம் அதைத்தான் வாங்குவோம், பாருங்கள்!

திரும்பும்போது பெரியவர் ஒரு பை விதை கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். ஆமாவின் கணக்குப்படி முப்பது நாளில் பத்தியம் முடிந்தது. என் கணக்கு நாற்பது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நாற்பத்தோராவது நாள் காலையில் ஆமா ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்தார். முதல் வேலையாக அந்தப் பாத்திரத்தையும் என் கையையும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வைத்தார். எண்ணெய்ப் பிசுக்குத் துளி இருந்தாலும் உறையாதாம். காலையில்தான் தோசை வார்த்திருந்தேன்! வீட்டில் வடிகட்டும் இயந்திரத் தண்ணீரை ஊற்றப் போன தம்பியைத் தடுத்துவிட்டார். ஒரு புட்டி ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். தம்பி காரணம் சொன்னான். விதைமேல் இருக்கும் பசைதான் பெக்டின். நாம் கொய்யா ஜெல்லி செய்யும்போது சர்க்கரையும் சூடும் கொடுத்து இறுக வைக்கிறோமே, அதே பொருள். ஐயு விதையில் அதோடு கூடவே ஒரு நொதியும் இருக்கிறது. அது பெக்டினைப் பக்குவப்படுத்த, தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துக் கட்டுகிறது. உப்பெல்லாம் நீக்கின தண்ணீரில் கட்டுவதற்கு ஆள் இல்லை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் நொதி செத்துவிடும். சர்க்கரையை முன்னாலேயே போட்டாலும் சரியாக உறையாது.

விதையைத் துணிப்பையில் கட்டித் தண்ணீரில் முக்கினார் ஆமா. அப்போது தம்பி மனைவி, எழுந்து வந்து சமையற்கட்டு வாசலில் நின்றாள். ஆமா ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கசக்க ஆரம்பித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பை வழுவழுவென்று ஆகி, விரலிடுக்கில் மஞ்சளாய்க் கொழகொழவென்று வழிய ஆரம்பித்தது. "அண்ணி, இது உயிரோட இருக்கற மாதிரி இருக்கு" என்றாள். ஐந்து நிமிஷம் என்று ஆமா விரலைக் காட்டினார். இவள் பத்து நிமிஷம் விடவில்லை. கசக்கிக்கொண்டே பேசினாள். அவள் அம்மா, முழங்கால், ஊரில் நடக்காமல் போன வளைகாப்பு, ராத்திரியில் தனக்கு வருகிற பயம், எல்லாம். ஆமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜெல்லியால் தெளிந்தாள் என்று நான் கதை கட்டமாட்டேன். டாக்டரிடம் அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனோம். தூக்கமும், கூட ஆளும், டாக்டர் சொன்னபடி நடந்ததும்தான் அவளை மெல்ல மெல்லத் தூக்கிவிட்டன. ஆனால் அவள் தானாக எழுந்து வந்து ஒரு வேலையில் கை வைத்த முதல் நாள் அதுதான். அது என் கண்ணிலேயே நிற்கிறது.

கசக்கி முடித்ததும் பாத்திரத்தை மூடி, தொடாமல், அசைக்காமல் வைக்க வேண்டும். இறுக ஆரம்பித்த பிறகு கலக்கினால் உடைந்துபோகும். அரை மணியில் திறந்தால், கவிழ்த்தாலும் விழாத தண்ணீர்! அங்கே போகிற சகோதரிகளுக்கு அளவும் சொல்லிவிடுகிறேன்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 25 கிராம் விதை. எலுமிச்சையும் வெல்லப் பாகும் சேர்த்தால் நம் நாக்குக்குப் பொருந்தும்; நான் அப்படித்தான் செய்தேன், ஆமா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். ஜெல்லியில் நார்ச்சத்தும் தண்ணீரும்தான், உடம்பு போடாது. பாகை அள்ளி ஊற்றிக்கொண்டால் அதற்கு ஐயு பொறுப்பில்லை. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

விதை கொஞ்சம் ஊருக்கு எடுத்து வரலாமா என்று கேட்டேன். விதை, செடி எல்லாம் அனுமதி வாங்காமல் விமானத்தில் கொண்டுவரக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டான். நட்டாலும் அந்தக் குளவிக்கு எங்கே போவது? லால்குடி வந்ததும் முதல் வேலையாகக் கட்டுக்கொடியைத் தேடினேன். பாட்டி காலத்து வேலியெல்லாம் இப்போது காம்பவுண்டுச் சுவர். வாய்க்கால் ஓரத்தில் ஒரே இடத்தில் கிடைத்தது. இலையைக் கசக்கி வைத்து, என் பெரிய பையனைக் கூப்பிட்டுச் சொம்பைக் கவிழ்க்கச் சொன்னேன். அவன் கவிழ்த்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றான், ஒரு சொட்டு விழவில்லை.

போன வாரம் தம்பி மனைவி போன் பண்ணினாள். பின்னால் குழந்தை தட்டைத் தட்டுகிற சத்தம். மலையில் காய் பறிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். பெரியவருக்குச் சீவ ஆள் போதவில்லை என்று ஆமா இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறாராம். தானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகப்போவதாகச் சொன்னாள். "பால் ஒட்டிக்கும், கையில தேங்காயெண்ணெய் தடவிக்கோ" என்றேன். "ஐயையோ அண்ணி, எண்ணெய் கூடாது, மறந்துட்டீங்களா!" என்று சிரித்தாள். சீவுகிறபோது தடவிக்கொள்ளலாம், கசக்குகிறபோதுதான் கூடாது என்று சொல்வதற்குள் குழந்தை போனைப் பிடுங்கிவிட்டது.